மீட்டரில் ஏறாத கிலோமீட்டர்

என் தங்கை வீட்டுக்காரருக்கு டிரைவர்கள் வட்டாரத்தில் வைத்த பெயர் 'நிதானம்'. முப்பது வருடமாக ஸ்டியரிங் பிடிக்கிறார். ஒருவரையும் உரசியதில்லை, ஒருவரையும் திட்டியதில்லை. பின்னால் வருகிறவன் ஹாரனை அடித்து அடித்துக் கை ஓய்ந்துபோவான். இவர் இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, மறுபடியும் கண்ணாடியைப் பார்த்து, அப்புறம்தான் திரும்புவார். அவர் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் எனக்குப் பொறுமை போய்விடும். தங்கையைக் கொடுத்த இடம் என்பதால் வாயை மூடிக்கொண்டு வருவேன்.

நான் மெக்கானிக். என் பட்டறை மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு மரக்கடைக்கும் ஒரு பள்ளிக்கூடத்து மதில் சுவருக்கும் நடுவில் இருக்கிறது. தகரக் கூரை, இரண்டு வண்டி நிற்கிற இடம், வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்க ஒரு குழி, சுவரை அடைத்து ஸ்பேனர் மாட்டுகிற பலகை. எடுத்த ஸ்பேனரை அதே ஆணியில் மாட்டவேண்டும் என்பது என் சட்டம். வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "ஓடுது இல்ல, அப்புறம் எதுக்குக் கழட்டணும்?" ஓடுகிற வண்டியைத்தான் ஐயா கழற்றிப் பார்க்கவேண்டும், நின்றுபோன வண்டியைக் கழற்றி அழத்தான் முடியும் என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

மாப்பிள்ளை அந்த ரகம் இல்லை. சொன்ன தேதிக்கு ஆயில் மாற்றுவார், சொல்லாமலே ஃபில்டர் வாங்கி வருவார். அதனால் அன்று காலை அவர் வேனைக் கொண்டுவந்து நிறுத்தி, இறங்கி, கதவை ஓசை வராமல் சாத்தியபோது வழக்கமான வேலை என்றுதான் நினைத்தேன். பள்ளி லீவு முடியப் பத்து நாள் இருந்தது. அவர் வேனில் போய்வருவது பதினாறு பிள்ளைகள், எல்லாம் ஒன்றாவது இரண்டாவது படிக்கிற பொடிசுகள். லீவு மாதத்தில் வருமானம் கிடையாது. அந்தச் சமயம் பார்த்துத்தான் வேலைகளையும் முடித்துக்கொள்ளவேண்டும்.

"பெல்ட்டு மாத்தணுமா வேண்டாமான்னு பார்த்துச் சொல்லுங்க மச்சான்" என்றார்.

டைமிங் பெல்ட்டைச் சொல்கிறார். எஞ்சினின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் ஒரே தாளத்தில் சுற்றவைக்கிற ரப்பர் பட்டை அது. தேய்ந்தால் சத்தம் வராது, விளக்கு எரியாது, வண்டி இழுக்காமலும் போகாது. ஒருநாள் பட்டென்று அறும். அறுந்த நொடியில் உள்ளே இருக்கிற வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று முட்டி எஞ்சினே காலி. மேம்பாலத்தின் நடுவில் பதினாறு பிள்ளைகளோடு நிற்கவேண்டியதுதான். ஆகவே கண்ணால் பார்த்து மாற்றுவதில்லை, ஓடிய தூரத்தைப் பார்த்து மாற்றுவது. இந்த வண்டிக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர். மாற்றுவதென்றால் கூடவே தண்ணீர் பம்ப்பு, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் எல்லாம் மாற்றவேண்டும். அவருடைய ஒரு மாத வருமானம் அதிலேயே போய்விடும்.

எட்டிப் பார்த்தேன். மீட்டரில் மூன்று லட்சத்து அறுபத்து நான்காயிரம். போன முறை பெல்ட் மாற்றியதும் நான்தான், ஐந்து வருடம் முன்னால், இரண்டு லட்சத்து அறுபத்தோராயிரத்தில். அப்போது வேன் அவருடையது இல்லை. முதலாளியிடம் டிரைவராக அதே வேனை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் முதலாளி வண்டிகளை விற்றுத் தலைமுழுகியபோது, பழகின வண்டி என்று இவரே வாங்கிக்கொண்டார்.

"ஒரு லட்சத்து மூவாயிரம் ஓடியிருக்கு மாப்ள. இன்னும் பதினேழாயிரம் பாக்கி. கிட்டத்தட்ட ஒரு வருஷம் தள்ளலாம். ஆயிலை மட்டும் மாத்திட்டுப் போங்க."

சரி என்றார். ஆனால் போகவில்லை. பம்பரைத் தொட்டுக்கொண்டு நின்றார். நான் ஆயில் கேனைத் திறந்தேன், தட்டை இழுத்துப் போட்டேன், குழிக்குள் ஒரு காலை வைத்தும் விட்டேன். அவர் அங்கேயே நின்றார்.

இந்த இடத்தில் அவருடைய அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். இவரைவிட ஒன்பது வயது மூத்தவர். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது இவருக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பதினாறு. அந்தப் பதினாறில் ரெடிமேட் சட்டைக் கம்பெனியில் பட்டன் தைக்கப் போனவர் முப்பத்தொரு வருடம் அங்கேயே தைத்தார். தம்பிக்குச் சோறு, தம்பிக்குப் பள்ளிக்கூடம், தம்பிக்கு டிரைவிங் லைசென்ஸ், கடைசியில் தம்பிக்கு என் தங்கை. தனக்கென்று ஒரு கல்யாணத்தை அவர் யோசித்ததாகவே யாருக்கும் நினைவில்லை. பெண் பார்க்க வந்த அன்று என் தங்கையிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி, "இவன் சாப்பிடறதுக்கு ரொம்ப நேரம் எடுத்துப்பான், உனக்குப் பரவாயில்லையா?"

ஐம்பதைத் தாண்டியபின் அந்த அம்மாவுக்குப் புத்தி தடுமாற ஆரம்பித்தது. முதலில் இல்லாத பட்டனைத் தேடினார். அப்புறம் கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்தார். இரண்டு தடவை வீட்டைவிட்டுப் போய், ஒரு தடவை பேருந்து நிலையத்திலும் ஒரு தடவை ஆஸ்பத்திரி வாசலிலும் கண்டுபிடித்தார்கள். மூன்றாவது தடவை தங்கையின் சின்னப் பெண்ணையும் கையில் பிடித்துக்கொண்டு போனார். அன்று என் தங்கை முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "இனிமே என்னால முடியாதுண்ணா, ஒண்ணு அவங்க இருக்கட்டும், இல்லைன்னா நானும் பிள்ளைங்களும் இருக்கோம்" என்று இந்தப் பட்டறையில் வந்து நின்று அழுதாள். அவளை எப்படிக் குறை சொல்வது? நூற்றிருபது கிலோமீட்டர் தள்ளி, இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்கிற ஒரு இல்லத்தில் சேர்த்தார்கள். மாதம் இரண்டு ஞாயிறு போய்ப் பார்த்துவிட்டு வருவது என்று பேச்சு. அந்தப் பேச்சை வைத்துத்தான் தங்கை மனசு ஆறினாள்.

மூன்றரை வருடம் அங்கே இருந்தார். போன வருடத்துக்கு முந்தின வருடக் கடைசியில் தூக்கத்திலேயே போய்விட்டார். அடக்கத்தன்று வந்தவர்கள் எல்லோரும் இவருடைய தோளைத் தொட்டு ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: மாதம் இரண்டு தரம், அவ்வளவு தூரம், எந்தத் தம்பி செய்வான்? என் மனைவி வீட்டுக்கு வந்தும் நிறுத்தவில்லை. "அந்த மனுஷனைப் பாருங்க. உங்க அம்மா உங்க தம்பி வீட்டுல இருக்காங்க, மூணு மணி நேரப் பயணம், நீங்க வருஷத்துக்கு ஒரு தரம் போறீங்க" என்று என்னை வைத்து வாங்கினாள். மாப்பிள்ளைமேல் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

அக்கா போனதிலிருந்து அவர் ஒரு மாதிரிதான் இருந்தார். அழவில்லை. வேலையைத் தப்பாமல் செய்தார். கேட்டால் பதில் சொன்னார், சிரித்தால் சிரித்தார். பல் பிடுங்கப் போட்ட ஊசியின் மரமரப்பு இறங்காமலே இருக்கிறவர் போல முகம் அவருக்கே சொந்தமில்லாமல் இருந்தது. தங்கை பயந்தாள். துக்கம் உள்ளே போய்விட்டது, தானாக வரும் என்று நான்தான் பெரிய டாக்டர் மாதிரி சொல்லிவைத்தேன்.

அந்த மனிதர்தான் இப்போது பம்பரைத் தொட்டுக்கொண்டு நின்றார்.

"என்ன மாப்ள, வேற ஏதாவது சத்தம் வருதா?"

"அந்த மீட்டர் சரியில்லை மச்சான்."

"நல்லாத்தானே ஓடுது."

"இப்ப நல்லா ஓடுது. முதலாளிகிட்ட இருந்தப்ப நான் கேபிளைக் கழட்டிட்டு ஓட்டியிருக்கேன்."

ஏற இறங்கப் பார்த்தேன். மீட்டர் கேபிளைக் கழற்றுவது டிரைவர்களுக்குக் கைவந்த வித்தைதான். டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு திருகாணியைத் திருகினால் போதும். வண்டி ஓடும், மீட்டர் ஓடாது, முதலாளிக்குத் தெரியாமல் சொந்த ட்ரிப் அடிக்கலாம். ஊரில் பாதிப்பேர் செய்கிறார்கள். ஆனால் நிதானம்? சிவப்பு விளக்கு எரியாத சந்திப்பிலும் நின்று பார்த்துவிட்டுப் போகிற ஆள் இவர்.

"எதுக்கு?" என்றேன்.

"அக்காவைப் பார்க்கப் போறதுக்கு. ரெண்டு பஸ் மாறிப் போய் அன்னைக்கே திரும்ப முடியாது. முதலாளிகிட்ட வண்டி கேட்டேன், சொந்த வேலைக்குத் தரமாட்டேன்னுட்டாரு. திங்கட்கிழமை காலைல மீட்டர் பார்ப்பாரு. டீசல் என் காசுதான் மச்சான். அதுல ஒண்ணும் ஏமாத்தலை." மென்று விழுங்கித்தான் இதையும் சொன்னார். "யார்கிட்டயும் சொன்னதில்லை. பிள்ளைங்க வண்டியாச்சேன்னுதான் இப்ப சொல்றேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அவர்மேல் மரியாதையும் வந்தது. வாழ்க்கையில் அவர் பண்ணிய ஒரே திருட்டு, அதுவும் அக்காவுக்காக. அடுத்த நிமிடம் மெக்கானிக் புத்தி விழித்துக்கொண்டது. மாதம் இரண்டு என்றால் மூன்றரை வருடத்துக்கு எண்பத்து நான்கு தரம். ஒரு தரத்துக்குப் போக வர இருநூற்று நாற்பது. ஸ்பேனர் பலகையின் ஓரத்தில் சாக்பீஸால் பெருக்கிப் போட்டேன். இருபதாயிரத்து நூற்று அறுபது.

"மாப்ள! ஒரு லட்சத்து இருபத்து மூவாயிரத்துக்கு மேல போயிடுச்சு. கெடு தாண்டியாச்சு. இத்தனை நாள் குழந்தைங்களை ஏத்திக்கிட்டு…" எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"எண்பத்து நாலு இருக்காது. நடுவுல ஒண்ணு ரெண்டு விட்டுப்போயிருக்கும்."

"எத்தனை விட்டுப்போச்சு?"

"தெரியலை. ஒரு பத்து இருக்கும். பதினஞ்சு இருக்கும்."

நான் மறுபடியும் பலகைக்குத் திரும்பினேன். கணக்கு வேடிக்கையாக வந்து நின்றது. எழுபது தரம் போயிருந்தால் ஒரு லட்சத்துப் பத்தொன்பதாயிரத்து எண்ணூறு, கோட்டுக்கு இந்தப் பக்கம். எழுபத்தொன்று என்றால் நாற்பது கிலோமீட்டர் தாண்டி, அந்தப் பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இருக்கிறது எல்லாம். அது வேறு வருமானமில்லாத மாதம். வேண்டாத செலவை அவர் தலையில் கட்ட எனக்கு மனசில்லை, பெல்ட் அறுந்தால் வருகிற பாவத்தைச் சுமக்கவும் மனசில்லை.

"குத்துமதிப்பெல்லாம் வேண்டாம் மாப்ள. எஞ்சினுக்குக் குத்துமதிப்பு தெரியாது. நல்லா யோசிச்சு ஒரு கணக்குச் சொல்லுங்க."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "யோசிக்கவே வேண்டாம். கார்டு இருக்கு. உள்ள போகும்போதெல்லாம் வாட்ச்மேன் தேதி போட்டு சீல் வைப்பான். வண்டி பேப்பரோடதான் வச்சிருக்கேன்" என்று வேனுக்குப் போனார். நடையில்கூட ஒரு வேகம் இருந்தது. வெகு நாளைக்குப் பிறகு அவர் ஒன்றை ஆசையாக எடுத்துக்காட்டப் போகிறார் என்று தோன்றியது.

இன்ஷூரன்ஸ், ஆர்.சி. எல்லாம் வைக்கிற பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து எடுத்துவந்தார். மஞ்சள் அட்டை, உள்ளங்கை அளவு. மேலே இல்லத்தின் முத்திரை, அக்காவின் படுக்கை எண், 'உறவு: தம்பி' என்று பேனாவில். கீழே கட்டம் கட்டமாக, முன்பக்கம் இருபது, பின்பக்கம் இருபது.

"மத்த கார்டெல்லாம்?" என்றேன். நாற்பது கட்டம்தானே, எழுபதுக்கு எப்படிப் போதும்?

"முடிஞ்சா புதுசு தருவாங்க" என்றார். அப்புறம், "ஒண்ணுதான் இருக்கு" என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்து எண்ணினார். நான் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். எண்ணி முடித்து மறுபடி முதலிலிருந்து எண்ணினார். விரலை ஒவ்வொரு சீலின்மேலும் வைத்து, கண்ணாடியை இரண்டு தரம் பார்க்கிற அதே நிதானத்தோடு எண்ணினார். மூன்றாவது தரம் எண்ணும்போது அட்டையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். முதல் இரண்டு மாதத்தில் இரண்டிரண்டு. அடுத்து மாதம் ஒன்று, நான்கு மாதத்துக்கு. அப்புறம் மூன்று மாதம் தாவி ஒன்று, நான்கு மாதம் தாவி ஒன்று என்று ஆறு. கடைசி சீல் அக்கா சாவதற்கு ஏழு மாதத்துக்கு முந்தினது. மொத்தம் பதினான்கு. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஒரு கறைகூட இல்லை.

மரக்கடையில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றதும் அட்டையை அவரிடமே கொடுத்தேன்.

"வாட்ச்மேன் சில நாள் போடாம விட்டிருப்பான் மாப்ள. அவங்க எல்லாம் அப்படித்தான்."

"சீல் இல்லாம உள்ள விடமாட்டாங்க."

"கார்டு மறந்து போயிருப்பீங்க. கையெழுத்து மட்டும் வாங்கிட்டு…"

"கார்டு வண்டியிலதான் இருக்கும் எப்பவும்." நான் திறந்துவிட்ட கதவையெல்லாம் அவரே ஒவ்வொன்றாகச் சாத்தினார். பொய் சொல்லத் தெரியாத ஆளோடு இதுதான் கஷ்டம்.

"அப்ப மத்த ஞாயித்துக்கிழமையெல்லாம் எங்க போனீங்க?"

யோசித்தார். வேறு யாரையோ பற்றிக் கேட்டதுபோல யோசித்தார். "ஞாயிறு ட்ரிப் வரும், முதலாளி போகச் சொல்வாரு. அது சில வாரம். சில வாரம் ட்ரிப் காலையிலயே முடிஞ்சிடும். அதுக்கப்புறம் கிளம்பினா இருட்டிடுமேன்னு அடுத்த வாரம் போலாம்னு இருப்பேன். வண்டியை நிழலா ஒரு இடத்துல போட்டுட்டுப் படுப்பேன். சாயங்காலம் வீட்டுக்குப் போவேன்."

"வீட்டுல கேட்கமாட்டாளா?"

"அக்கா எப்படி இருக்காங்கன்னு கேட்பா. அப்படியேதான் இருக்காங்கன்னு சொல்வேன்." பிறகு, "அப்படியேதான் இருந்தாங்க மச்சான்" என்றார்.

நான் அவரை நம்பினேன். ஏமாற்றவேண்டும் என்று அவர் ஒருநாளும் நினைத்திருக்கமாட்டார். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று ஒவ்வொரு வாரமும் மனசார நினைத்திருப்பார். போன பதினான்கு தரத்தையே திரும்பத் திரும்ப நினைத்ததில் அது எழுபதாகவும் எண்பதாகவும் ஆகியிருக்கும். அந்தச் சாலையில் எந்த இடத்தில் பள்ளம், எந்த வளைவில் டீக்கடை என்று அவருக்கு மனப்பாடம். நாங்கள் பாராட்டப் பாராட்ட அவரும் அதை நம்பிவிட்டார். எனக்குக் கோபம் வரவேண்டும் என்று காத்திருந்து பார்த்தேன், வரவில்லை. நான் அந்த இல்லத்துக்கு ஒரே ஒரு தரம்தான் போனேன், அதுவும் உடலை எடுத்து வர.

சாக்பீஸை எடுத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியாததால்தான் எடுத்தேன். பதினான்கை இருநூற்று நாற்பதால் பெருக்கினேன். மூவாயிரத்து முந்நூற்று அறுபது.

"ஒரு லட்சத்து ஆறாயிரத்து முந்நூத்து அறுபது" என்றேன். "பெல்ட்டுக்கு ஒண்ணும் பயமில்லை. இன்னும் எட்டு மாசம் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்."

வேறு எவனாக இருந்தாலும் இதைக் கேட்டுக் குதித்திருப்பான். அவர் பலகையில் இருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மாத்திடுங்க மச்சான்."

"எதுக்கு? நல்ல பெல்ட்டு மாப்ள. இந்த மாசம் வீட்டுல என்ன நிலைமைன்னு எனக்குத் தெரியாதா?"

"எண்பத்து நாலுன்னே வச்சுக்கிட்டு மாத்திடுங்க."

நல்ல சாமானைக் கழற்ற என் கை வராது. இந்தத் தொழிலில் நான் தலைநிமிர்ந்து நிற்கிறேன் என்றால் அந்த ஒரு காரணத்துக்காகத்தான். வேண்டாத வேலையைச் சொல்லி ஒரு ஆணிகூட மாற்றியதில்லை. அதையெல்லாம் அவரிடம் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். இந்தப் பணத்துக்கு நாலு டயரில் இரண்டை மாற்றலாம், பிரேக்கைப் பார்க்கலாம் என்றேன். தலையாட்டிக் கேட்டார். கேட்டு முடித்து, "மாத்திடுங்க" என்றார். அந்த மனிதர் எதையும் இரண்டாவது தரம் கேட்டு நான் பார்த்ததில்லை. சாமான் வாங்க ஆள் அனுப்பினேன்.

மறுநாள் காலையில் கழற்றினேன். அவரும் வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். கவரை எடுத்தால், பெல்ட் நான் சொன்னபடியே இருந்தது. ஒரு பல் தேயவில்லை, ஒரு வெடிப்பு இல்லை, முதுகில் அச்சடித்த எழுத்துகூட அழியவில்லை. அவரிடம் காட்டினேன். வாங்கி வளைத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வைத்தார். புதியதை மாட்டி, சக்கரத்துக் குறிகளைப் பொருத்தி, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, மறுபடி குறி பார்த்தேன். இந்த வேலையில் ஒரு பல் தள்ளி மாட்டினாலும் எல்லாம் வீண், ஆகவே பேச்சுக் கொடுக்காமல் செய்வேன். அன்று அது எனக்கு வசதியாக இருந்தது.

கவரை மூடிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. தங்கை. கையெல்லாம் கிரீஸ், அதனால் ஸ்பீக்கரில் போட்டு டூல்ஸ் பெட்டியின்மேல் வைத்தேன்.

"அண்ணா, அவர் அங்கதான் இருக்காரா? போனை எடுக்க மாட்டேங்கறாரு."

"இங்கதான் இருக்காரு. வேலை முடியப்போகுது."

"ஆயில் மாத்தறதுக்கு ரெண்டு நாளா?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். கெஞ்சவும் இல்லை, தடுக்கவும் இல்லை. நான் என்ன சொன்னாலும் அது அவருக்குச் சரி என்பதுபோலச் சும்மா பார்த்தார்.

"பெல்ட்டை மாத்தவேண்டியதாப் போச்சும்மா" என்றேன். "வண்டி நெனச்சதைவிட ஜாஸ்தி ஓடியிருக்கு."

"இருக்காதா பின்ன?" என்றாள். செலவைக் கேட்டுக் கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. "மாசம் ரெண்டு தரம் போனாரே அந்த வண்டியிலதான். மழைன்னு இல்லை, வெயில்னு இல்லை. நான் அவங்களை வெளிய அனுப்பினவ அண்ணா. இவர் போய்ப் பார்த்துட்டு வர்றாரேங்கற ஒண்ணுலதான் எனக்கு ராத்திரி தூக்கம் வந்துது. ஆகட்டும், மாத்துங்க. சாப்பாட்டுக்கு வந்துடச் சொல்லுங்க."

வைத்துவிட்டாள். நான் கடைசி போல்ட்டை முறுக்கினேன். ஸ்பேனரை அதன் ஆணியில் மாட்டினேன். திரும்பியபோது அவர் அழுதுகொண்டிருந்தார். சத்தமில்லை, முகமும் கோணவில்லை. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"மச்சான்" என்றார். "நான் போகாத ஞாயித்துக்கிழமையெல்லாம் அக்கா என்ன பண்ணியிருக்கும்?"

எனக்குப் பதில் தெரியும். உடலை எடுக்கப் போன அன்று, இவர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, அங்கே வேலை பார்க்கிற ஆயா என்னிடம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதுமாம், தலையைச் சீவிக்கொண்டு, கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாராம். கிழமை மட்டும் அந்த அம்மாவுக்கு மறக்கவே இல்லையாம். சோற்றையும் அங்கேயே கொண்டுபோய்க் கொடுப்பார்களாம். சாயங்காலம் இரண்டு பேராகப் போய்த் தூக்கினால்தான் உள்ளே வருவாராம். கொடுத்துவைத்தவர், தம்பி வருவான் என்று எவ்வளவு நம்பிக்கை என்று அன்று நான் நினைத்துக்கொண்டேன்.

"தூங்கியிருப்பாங்க மாப்ள" என்றேன். "ஞாயித்துக்கிழமைதானே."

அவர் தலையாட்டினார். சாவியை எடுத்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு சாப்பிடப் போனார்.